தெருமுனையில் ஏழடி மதில்

ஜூன் 9, திங்கள்

சர்க்கரை 148. தினமும் காலையில் பார்த்து எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். டயர் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது, அதை எடுத்துக்கொண்டேன். சர்க்கரை அளவு மட்டும் எழுதினால் ஒரு பக்கத்துக்கு ஒரு வரிதான் வரும். மீதியை வெறுமனே விட மனசு வரவில்லை. என் பெயர் கோமதிநாயகம். முப்பத்தொரு வருஷம் அரசுப் பேருந்து ஓட்டியவன். ஒரு விபத்து கிடையாது. அதையும் முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன்.

இன்று கேட் தூண்களில் உருண்டை விளக்கு மாட்டினார்கள். அதோடு வேலை முடிந்தது. எங்களுடையது முனை வீடு. கிழக்கே நான்காம் தெரு, வடக்கே பள்ளிக்கூடத்துக்குப் போகிற குறுக்குச் சாலை. இரண்டு பக்கமும் ஏழடி மதில். தூண்கள் ஒன்பதடி. கறுப்பு இரும்புக் கேட், தெருப்பக்கம் திறக்கிற மாதிரி. உள்பக்கம் திறந்தால் மகள் வரும்போது கார் நிறுத்த இடம் பற்றாது. கல்யாணம் ஆனதிலிருந்து லைன் வீடுகளில், கதவைத் திறந்தால் அடுத்தவர் அடுப்பு தெரிகிற இடங்களில் இருந்துவிட்டோம். இனிமேல் யார் கண்ணும் படாது.

"எப்படி இருக்கு?" என்று மனைவி சொர்ணத்திடம் கேட்டேன்.

"கோட்டை மாதிரி இருக்கு" என்றாள். பாராட்டாகத்தான் சொல்லியிருப்பாள்.

ஜூன் 12

152. மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவிலிருந்து ஆய்வாளர் ஒருவர் வந்தார். நஸீமா என்று பெயர், சின்ன வயசு. மதிலை அளந்தார், தூணை அளந்தார், கேட்டைத் திறந்து மூடிப் பார்த்தார். போகும்போது, "சார், கோவிச்சுக்காதீங்க. மூலைய மட்டும் சீக்கிரம் சரி பண்ணிருங்க. மத்தத மெதுவாச் செய்யலாம்" என்றார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கையில் கொடுத்தார். பீரோவில் வைத்தேன்.

தோட்டத்துக் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். முருங்கைக்காய்ச் சாம்பார்.

ஜூன் 20

145. குழாய் மறுபடியும் ஒழுகுகிறது. சொர்ணம் மாடிப்படியில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீரைக்காரி குரல் கேட்டதாம், ஆள் எந்தப் பக்கம் போனாள் என்று தெரியவில்லையாம். தூணில் அழைப்பு மணி இருக்கிறதே, அவளே அடிப்பாளே என்றேன். "அவ எதுக்குங்க இவ்வளவு பெரிய கேட்டுல மணி அடிக்கப் போறா" என்றாள்.

ஜூலை 2, புதன்

சர்க்கரை பார்க்கவில்லை.

காலை ஏழே முக்காலுக்குப் பின்பக்கம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பிரேக் சத்தம், அதன் பிறகு இடிக்கிற சத்தம். இடையில் ஒரு நொடிகூட இல்லை. அந்த இடைவெளி எனக்குத் தெரியும். டிரைவர் பார்த்துவிட்டு மிதித்தால் முதலில் டயர் தேய்கிற சத்தம் நீளமாகக் கேட்கும். இது பார்க்காமலே நடந்தது.

ஓடிப் போனேன். எங்கள் மதில் மூலையில் குடிதண்ணீர் கேன் கொண்டுவருகிற குட்டியானை மினி லாரி குறுக்காக நின்றது. அதன் முன்னால் ஒரு ஸ்கூட்டி. எஸ்தர் டீச்சர் கீழே கிடந்தார். குறுக்குச் சாலையில் ஐந்தாம் வீட்டில் இருப்பவர், பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறார். ஹெல்மெட் இருந்தது. இடது கால் மடங்கியிருந்த விதத்தை எழுத விரும்பவில்லை. கேன்கள் தெரு முழுக்க உருண்டு கிடந்தன.

வண்டி டிரைவர் வேம்புராஜ் தலையில் அடித்துக்கொண்டு நின்றான். "பாக்கவே இல்ல அண்ணாச்சி, பாக்கவே இல்ல" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான். நான்தான் அவனை அதட்டி, டீச்சரின் கழுத்து அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். ஆம்புலன்ஸ் வந்தது. அவருடைய கணவர் செல்வின் கைலியோடு ஏறிப் போனார்.

ஜூலை 3

211.

டீச்சருக்கு நினைவு வரவில்லை.

போலீஸ் வந்தார்கள். நீங்கள் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். பின்பக்கம் இருந்தேன், சத்தம்தான் கேட்டது என்றேன். உண்மைதான். மதிலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஜூலை 4

226. நினைவு வரவில்லை.

ஜூலை 5

219. வேம்புராஜ் மேல் வழக்கு. வேகமாகவும் கவனக்குறைவாகவும் ஓட்டினான் என்று. ஜாமீனில் வந்துவிட்டான். லைசென்ஸை வாங்கி வைத்துவிட்டார்கள், முதலாளி வேறு ஆளை வண்டியில் போட்டுவிட்டார். இதையெல்லாம் சொர்ணம் கேட்டுவந்து சொன்னாள். சாயங்காலம் டீச்சர் கண் விழித்தார் என்றும் அவள்தான் சொன்னாள். கேட்டதும் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

"தலை சுத்துதா?" என்றாள்.

சர்க்கரை கூடியிருக்கிறது, அதனால்தான் என்றேன்.

ஜூலை 11

வேம்புராஜ் வந்தான். அழைப்பு மணியை அடிக்காமல் கேட்டைத் தட்டினான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. கேட்டுக்கு வெளியே நின்றே பேசினான்.

"அண்ணாச்சி, நீங்க வண்டி ஓட்டினவுக. அதான் ஒங்கள்ட்ட வந்தேன். அந்த மூலையில என்ன தெரியும்னு ஸ்டேஷன்ல ஒரு வார்த்த சொல்லுங்க."

"நான் பாக்கலியே வேம்பு."

"நடந்தத பாக்கலன்னு தெரியும். நிக்கத பாத்தா போதும்." மதிலைக் கையால் காட்டினான். "நான் சொன்னா, மாட்டிக்கிட்டவன் அப்படித்தான் சொல்லுவாம்ங்காங்க."

"நீ வேகமா வந்திருப்ப."

"நாப்பது கேன் ஏத்திக்கிட்டு எங்கருந்து அண்ணாச்சி வேகமா வர? சந்துபொந்தெல்லாம் எறக்கிட்டு வாறேன். இருபதுக்கு மேல இல்ல."

பார்க்கலாம் என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனான். என்னைவிட இருபது வயசு சின்னவன். பேருந்தில் இருந்திருந்தால் என் கீழே பழகியிருப்பான்.

ஜூலை 13, ஞாயிறு

விடிந்ததும் பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்துக்கொண்டு நான்காம் தெருவுக்குப் போனேன். நாற்காலிக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தால் குட்டியானை டிரைவர் உட்காருகிற உயரம் வரும். வேம்பு வந்த பக்கம், இடது ஓரமாகப் போட்டு, வடக்கே பார்த்து உட்கார்ந்தேன். பிறகு நாற்காலியை இரண்டடி முன்னால் நகர்த்தினேன். மறுபடியும் இரண்டடி.

வெள்ளைச் சுவர். வெள்ளைச் சுவர். வெள்ளைச் சுவர். வண்டியின் மூக்கு நாற்சந்திக்குள் போன பிறகுதான் குறுக்குச் சாலை கண்ணில் பட்டது.

சைக்கிளில் போன ஒருவர் ஹாரன் மாதிரி வாயால் சத்தம் கொடுத்துக்கொண்டே திரும்பினார். அந்த மூலையில் எல்லோரும் அப்படித்தான் திரும்புகிறார்களாம். எனக்கு இன்றுதான் தெரியும்.

நாற்காலியோடு திரும்பினால் கேட்டில் சொர்ணம் நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ. காபி கொடுத்தாள்.

பிறகு பீரோவில் இருந்த தாளை எடுத்துப் படித்தேன். இரண்டு தெருக்கள் சேரும் இடத்தில் மனையின் மூலையைச் சாய்வாக வெட்டித் திறந்துவிட வேண்டும். மூலையிலிருந்து குறிப்பிட்ட தூரம்வரை மதில் மூன்றடிக்கு மேல் இருக்கக் கூடாது, அதற்கு மேல் வேண்டுமென்றால் ஊடே பார்க்கக்கூடிய கம்பி வேலிதான் போட வேண்டும். கேட் கதவுகள் தெருவின் பக்கம் திறக்கக் கூடாது. தூணும் வாசல் சரிவும் எல்லைக் கோட்டைத் தாண்டக் கூடாது. முப்பது நாள் அவகாசம்.

ஜூன் 12லிருந்து முப்பது நாள் என்றால் ஜூலை 12. விபத்து நடந்தது ஜூலை 2. அப்போது அவகாசம் இருந்தது. சட்டப்படி என் பேரில் எதுவும் இல்லை.

மேலே உள்ள வரியை எழுதிவிட்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 16

ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாதுளம்பழம் வாங்கிப் போனேன். டீச்சர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். பேச்சு தெளிவாக இருக்கிறது. ஆனால் அன்று காலை நடந்தது எதுவும் நினைவில்லையாம். தோசை ஊற்றியது வரைக்கும் தெரிகிறதாம்.

"அண்ணாச்சிதான் ஆம்புலன்சுக்குப் போன் போட்டீயளாம். கழுத்த அசையாம பிடிக்கச் சொன்னதும் நீங்கதானாம். இல்லாட்டி என்ன ஆயிருக்குமோன்னு டாக்டர் சொன்னாரு" என்றார்.

செல்வின் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அங்கே உட்கார்ந்து நன்றியை வாங்கிக்கொண்டேன். எதுவும் சொல்லாமல் பஸ் ஏறி வந்துவிட்டேன்.

ஜூலை 18

சொர்ணத்தின் தம்பி மகாராஜன் போன் செய்தான். அவளிடம் விஷயத்தைக் கேட்டிருக்கிறான்.

"அத்தான், வாயத் தொறக்காதீய. அவம் மேல கேஸ் இருக்கு, அது அவம் பாடு. நீங்களாப் போய்ச் சொன்னா நாளைக்கு ஒங்க மேல திருப்பிருவாங்க. மதில வேணும்னா ரெண்டு மாசம் கழிச்சு மெதுவா எறக்குங்க."

சரி என்று வைத்துவிட்டேன். அவன் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கு நல்லதுதான் நினைக்கிறான்.

ஜூலை 19

240.

எழுதாமல் விட்ட ஒன்றை எழுதிவிடுகிறேன். பிப்ரவரியில் மதில் நாலடி எழும்பியிருந்தபோது எஸ்தர் டீச்சர் ஸ்கூட்டியை நிறுத்தி என்னிடம் சொன்னார். "அண்ணாச்சி, மூலைய மட்டும் கொஞ்சம் விட்டுக் கட்டுங்களேன். இப்பவே அந்தப் பக்கம் வாற வண்டி தெரிய மாட்டேங்கு."

கொத்தனாரும் சித்தாள்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "எங்க எடத்துல நாங்க கட்டுதோம் டீச்சர். நீங்க மெதுவாப் போங்க" என்றேன். கொத்தனார் சிரித்தார். டீச்சர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று சாயங்காலமே ஏழடிக்கு ஏற்றச் சொன்னேன். முதலில் பேசியது ஐந்தடிதான்.

சொர்ணத்துக்கு இது தெரியாது என்று நினைத்திருந்தேன். இன்று அவளிடம் சொன்னபோது, "நான் அப்ப மாடியிலதான நின்னேன்" என்றாள்.

"ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீங்க கேட்டியளா?"

ஜூலை 21, திங்கள்

மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். நஸீமா மேடம் மேசையில் வரைபடங்களோடு இருந்தார். என்னைப் பார்த்ததும், "சார், நோட்டீசுக்குக் கூடுதல் டைம் வேணும்னா மனு எழுதணும்" என்று ஒரு தாளை எடுத்தார்.

"டைம் வேண்டாம்மா. நான் கையெழுத்துப் போட்ட காப்பி ஒண்ணு வேணும். ஸ்டேஷன்ல குடுக்கணும்."

கையில் இருந்த தாளைக் கீழே வைத்தார். எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

"அந்த ஆக்சிடென்ட் கேள்விப்பட்டேன் சார். அன்னிக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடு எறங்கல. ஒரு வாரத்துலயே மறுபடி வந்து பாத்திருக்கணும், வேற வார்டுல வேலைன்னு விட்டுட்டேன்."

"நீங்க சொல்ல வேண்டியத வந்த அன்னிக்கே சொல்லிட்டீங்கம்மா. மூலைய மட்டும் சீக்கிரம் பாருங்கன்னு சொன்னீங்க."

காப்பி எடுத்துக் கொடுத்தார். மூலையை எவ்வளவு தூரம் வெட்ட வேண்டும் என்று ஒரு தாளில் படம் போட்டும் கொடுத்தார். அலுவலக வாசலில் தேநீர் குடித்தேன். சர்க்கரை போடாமல்தான். ருசியாக இருந்தது.

ஜூலை 22

காவல் நிலையம். சப்-இன்ஸ்பெக்டர் நான் எழுதிக் கொடுத்ததை இரண்டு தடவை படித்தார்.

"இத நீங்க சொல்லணும்னு ஒங்கள யாரும் கேக்கலியே. அப்புறம் ஒங்களுக்கும் சம்மன் வரும், தெரியும்லா?"

"வரட்டும் சார். முப்பத்தொரு வருஷம் வண்டி ஓட்டிருக்கேன். அந்த மூலையில நான் வந்திருந்தாலும் இடிச்சிருப்பேன்."

கீழே கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தேன். வெயிலில் கொஞ்ச நேரம் நின்றேன். இருபது நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்ட மாதிரி இருந்தது. வரும் வழியில் மகாராஜனுக்குப் போன் செய்து சொன்னேன். திட்டினான். திட்டட்டும்.

ஜூலை 24

மதிலை இடித்தோம். கட்டிய கொத்தனாரே வந்தார். "இவ்வளவு ஸ்ட்ராங்கா கட்டினது நானாச்சே, இப்ப நானே கஷ்டப்படுதேன்" என்று புலம்பிக்கொண்டே சம்மட்டி போட்டார். நானும் கடப்பாரை பிடித்தேன். பத்து மணி இருக்கும், வேம்புராஜ் வந்தான். ஸ்டேஷனில் இருந்து அவனுக்குச் சொல்லியிருக்கிறார்கள். சட்டையைக் கழற்றிக் கேட்டில் போட்டுவிட்டு, உடைந்த செங்கல்லைச் சட்டியில் அள்ள ஆரம்பித்தான். வேண்டாம் என்றேன்.

"வீட்டுல சும்மா உக்காந்தா கோட்டி பிடிச்சிரும் அண்ணாச்சி" என்றான்.

மத்தியானம் மூன்று பேரும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டோம். சொர்ணம் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு வைத்திருந்தாள். வேம்பு மூன்றாவது முறை சோறு வாங்கினான். எனக்கும் பசித்தது. எத்தனை நாள் கழித்து!

ஜூலை 27

மூலை சாய்வாகத் திறந்துவிட்டது. மூன்றடிச் சுவர், அதற்கு மேல் கம்பி வேலி. தூண்களைக் குறைத்து உள்ளே தள்ளியாயிற்று. கேட் இப்போது உள்பக்கம் திறக்கிறது. கார் வந்தால் தெருவில் நிற்கட்டும்.

சொர்ணம் வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தாள். கீரைக்காரியும் கூடையை இறக்கிவைத்துக் கம்பிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசினார்கள். உள்ளே வந்த பிறகு, "இத்தன நாளா வானத்த மட்டும்தாங்க பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றாள். குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. எனக்குத்தான் சுருக்கென்றது.

ஆகஸ்ட் 3

எஸ்தர் டீச்சர் வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்றுப் போய்ப் பார்த்தேன். செல்வினும் இருந்தார். பிப்ரவரியில் நடந்தது, நோட்டீஸ் வந்தது, பீரோவில் வைத்தது, எல்லாவற்றையும் சொன்னேன். செல்வின் எழுந்து உள்ளே போய்விட்டார்.

டீச்சர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு அண்ணாச்சி. ஆஸ்பத்திரியிலயே ஞாபகம் இருந்தது. நீங்க மாதுளம்பழத்தோட வந்தீயள்ளா, அன்னைக்குச் சொல்லுவீய சொல்லுவீயன்னு பாத்தேன்."

தலையைக் குனிந்துகொண்டேன்.

"எனக்குக் கோவம் இருக்கு. அது எப்பப் போகும்னு தெரியல. ஆனா அந்த வேம்பு புள்ளைக்காரன். அவனக் காப்பாத்துனீய. அதுக்காக நல்லா இருங்க."

திரும்பி நடந்து வந்தேன். திட்டு வாங்கியவன் இவ்வளவு லேசாக நடப்பானா என்று எனக்கே வியப்பாக இருந்தது.

ஆகஸ்ட் 4

161.

செப்டம்பர் 10

மோட்டார் வாகன ஆய்வாளரும் சப்-இன்ஸ்பெக்டரும் வந்து மூலையை அளந்தார்கள். இடிப்பதற்கு முன் நஸீமா மேடம் எடுத்து வைத்திருந்த படங்களையும் வாங்கிக்கொண்டார்கள். எனக்குச் சம்மன் வந்தது. விதிமீறலுக்கு அபராதம் விதித்தார்கள். கட்டிவிட்டேன்.

அக்டோபர் 17

வேம்புராஜ் மேல் குற்றம் இல்லை என்று வழக்கை முடித்துவிட்டார்கள். லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது. பழைய முதலாளி திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். போகவில்லை, பால் பண்ணை ஒன்றில் வண்டி ஓட்டப் போகிறானாம். மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். சின்னது கம்பி வேலியில் ஏறி நின்று தெருவில் போகிற வண்டிகளை எண்ணியது. சொர்ணம் அதற்கு முறுக்கு கொடுத்து இறக்கினாள்.

நவம்பர் 2

139. நல்ல மழை. டீச்சர் கைத்தடியோடு குடை பிடித்து நடந்து போனார். வாசலில் நின்ற சொர்ணத்திடம் பேசினார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

டிசம்பர் 7, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு வாசலில் ஹாரன். எஸ்தர் டீச்சர் ஸ்கூட்டியை ஓட்டாமல் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தியிருந்தார். செல்வின் ஐந்தாம் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, சும்மாதான இருக்கிய? ஹெல்மெட் எடுத்துக்கிட்டு வாங்க."

"எங்க டீச்சர்?"

"டாக்டர் ஓட்டலாம்னுட்டாரு. எனக்குத்தான் கை வர மாட்டேங்கு. இவுக பின்னால உக்காந்தா என்னைவிட அதிகமாப் பயப்படுதாக. நீங்க உக்காருங்க. ஒண்ணும் சொல்லக் கூடாது, பேசாம வரணும்."

சட்டையை மாட்டிக்கொண்டு வந்தேன். ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து பழக்கமே இல்லை எனக்கு. கால் வைக்கிற இடம் எங்கே என்று தேடினேன். சொர்ணம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

டீச்சர் வண்டியை எடுத்தார். ஆட்டம் கண்டது. வலது கையை இறுக்காதீங்க என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, சொல்லவில்லை. குறுக்குச் சாலையில் கொஞ்ச தூரம் மேற்கே போய், திரும்பி, அன்று வந்த அதே வழியில் வந்தார். முனை நெருங்க நெருங்க அவர் தோள் விறைத்தது. முனைக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார். இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டார்.

வலது பக்கம் எங்கள் வீட்டுக் கம்பி வேலி. அதன் ஊடே நான்காம் தெரு, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் தெரிந்தது. ஒரு காய்கறி வண்டி வந்துகொண்டிருந்தது. வெகு தூரத்திலேயே தெரிந்தது. அது எங்களைக் கடந்து போகும்வரை டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றார். அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

"தெரியுது" என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற மாதிரி.

கிளம்பினார். முனையைத் தாண்டினோம். மூன்று சுற்று வந்தோம். மூன்றாவது சுற்றில் அரையாண்டுப் பரீட்சையைப் பற்றியும், கணக்கில் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிற எட்டாம் வகுப்பைப் பற்றியும் பேச ஆரம்பித்துவிட்டார். முனையில் மெதுவாக்கி, இரண்டு பக்கமும் பார்த்து, பேச்சை நிறுத்தாமலே திரும்பினார்.

எங்கள் வாசலில் இறக்கிவிட்டார்.

"நாளைக்கும் வாங்க அண்ணாச்சி. நாளைக்குப் பள்ளிக்கூடம் வரைக்கும் போவோம்" என்றார்.

எத்தனை மணிக்கு என்று கேட்டேன்.